கோடையில் ராமேஸ்வரம் தீவில் ஒரு நாள் பறவை பார்க்க: முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் தீவுக்குப் பறவை பார்க்க எப்போது போகலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றுதான் பதில் வரும். பூநாரைக் கூட்டம், வடக்கே இருந்து வந்த உள்ளான்கள் (சேற்றில் மேயும் கரைப்பறவைகள்), கடற்காகங்கள் எல்லாம் அப்போதுதான். கோடையில் போனால் வெயிலும் மணலும்தான் மிச்சம் என்பது பொதுவான பேச்சு.

அது பாதிதான் சரி. குளிர்காலத்தில் இங்கே இருப்பவை விருந்தாளிகள். கோடையில் இருப்பவை வீட்டுக்காரர்கள். கடலில் பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாக்களும், மணலில் ஓடித் திரியும் உப்புக்கொத்திகளும், ஆள்காட்டிகளும் வெறும் மணலில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது இந்த மாதங்களில்தான். எண்ணிக்கை குறைவாக இருக்கும். ஆனால் ஒரே பறவையை அரைமணி நேரம் பார்த்தால் அது என்னென்ன செய்கிறது என்று தெரியும். அதனால் கோடைப் பயணத்துக்கு எங்கே பார்ப்பது என்பதைவிட எங்கே நிற்பது, எங்கே கால் வைக்காமல் இருப்பது என்பதுதான் முக்கியம். இந்த வழிகாட்டியில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த மாதம்?

ஏப்ரலில் போனால் இரண்டும் கிடைக்கும். வடக்கே கிளம்பாத உள்ளான்கள் சில இன்னும் இருக்கும், அதுவும் இனப்பெருக்க நிறத்தோடு. குளிர்காலம் முழுக்கச் சாம்பலாகத் திரிந்த வளைமூக்கு உள்ளான் ஏப்ரலில் செங்கல் நிறத்தில் நிற்பதைப் பார்த்தால் வேறு பறவை என்றே நினைப்பீர்கள். மே மாதம் கூடுகளுக்கு நல்லது, ஆனால் கத்திரி வெயில். ஜூனில் தென்மேற்கில் இருந்து அடிக்கும் கச்சான் காற்று வலுத்துவிடும். தனுஷ்கோடிச் சாலையில் மணல் புகைபோல ஓடும், தென்கடல் கொந்தளிக்கும். ஆழ்கடல் பறவைகள் கரைப்பக்கம் ஒதுங்க வாய்ப்பு அதிகம் என்பதால் அதற்கென்றே ஜூன், ஜூலையில் வருகிறவர்களும் உண்டு. முதல் தடவை வருகிறவர் என்றால் மே முதல் பாதியைச் சொல்வேன். காற்று இன்னும் தாங்கும் அளவில் இருக்கும், கூடுகளும் நடப்பில் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், துறைமுகத்தில் கழிவு மீன் குறையும். வழக்கமாகத் துறைமுகத்தைச் சுற்றும் பருந்துகளை அப்போது கரைவலை இழுக்கும் இடங்களில் தேடுங்கள்.

என்ன எடுத்துப் போவது

பைனாகுலர் 8x42 போதும். 10 மடங்கு பெருக்கம் கொண்டது காற்றில் கை ஆடி எரிச்சல்தான் தரும், அதோடு கானல் அலையையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்தும் தொலைநோக்கி) இருந்தால் இந்தத் தீவில் அதற்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. கூட்டை நெருங்காமல் பார்க்க அதுதான் வழி. முக்காலியை முழு உயரத்துக்கு நீட்டாமல் தாழ்வாக வைத்து, உட்கார்ந்து பாருங்கள். காற்றிலும் ஆடாது, பறவையும் உங்களை அவ்வளவு பெரிய ஆபத்தாக எண்ணாது.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டராவது வேண்டும். தனுஷ்கோடியில் கடைகள் இருக்கின்றன, ஆனால் காலை ஆறு மணிக்குத் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கழுத்தை மூடும் தொப்பி, முழுக்கைச் சட்டை, லென்ஸ் துடைக்க மென்மையான துணியோடு ஒரு சின்ன ஊதுபந்து. மணல் படிந்த லென்ஸைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதிவிட்டு அப்புறம் துடையுங்கள். உடையில் பளிச்சென்ற வெள்ளையைத் தவிர்த்து மணல் நிறத்தை எடுங்கள்.

பறவைகளைப் பதிவு செய்ய இ-பேர்ட், அடையாளம் காண மெர்லின் என்று இரண்டு செயலிகளையும் கைப்பேசியில் ஏற்றி, அந்தப் பகுதிக்கான தொகுப்பையும் முன்பே இறக்கிவிடுங்கள். தீவின் கடைசி முனையான அரிச்சல்முனையில் சிக்னல் நம்ப முடியாது. அதைவிட, இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு வரவேற்புக் குறுஞ்செய்தி வருவதும் உண்டு. தலைமன்னார் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தானே. டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

முந்தின நாள் மாலை: காற்றைக் கேளுங்கள்

ஊரில் இறங்கியதும் செய்யவேண்டிய முதல் வேலை, ஒரு மீனவரிடம் நாளைக்குக் காற்று எப்படி என்று கேட்பது. வானிலைச் செயலியைவிட அது உதவும். இந்தத் தீவின் வால் ஒரு நீண்ட மணல் நாக்கு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல் என்பார்கள். கோடையில் காற்று தென்மேற்கில் இருந்து அடிக்கும்போது தென்கடல் அலை எழும்பிக் கலங்கிக் கிடக்கும், வடகடல் குளம்போல இருக்கும். சின்ன ஆலாக்கள் பாய்ந்து மீன் பிடிக்கத் தெளிந்த, அமைதியான நீர் வேண்டும். ஆகவே காற்று அதிகமுள்ள நாளில் வடகடல் பக்கத்தில் தொடங்குங்கள். காற்றில்லாத நாளில் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஓதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இங்கே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கரைபோலக் கடல் கிலோமீட்டர் கணக்கில் பின்வாங்காது. ஆனால் கழிமுகச் சேற்றுத் திட்டுகள் மிகத் தட்டையானவை என்பதால், ஒரு சாண் நீர் வடிந்தாலே பறவைக்கு மேய நிறைய இடம் கிடைக்கும். நீர் வடியும் நேரம் கோதண்டராமர் கோயில் பக்கம் இருப்பதுபோலத் திட்டமிட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பரவாயில்லை.

அதிகாலை: நேராகக் கடைசி முனைக்கு

ஐந்து மணிக்கெல்லாம் ராமேஸ்வரம் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கோடையில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் வந்துவிடும். சோதனைச் சாவடியில் காலையில் விடும் நேரமும் மாலையில் திருப்பி அனுப்பும் நேரமும் அவ்வப்போது மாறுகின்றன. தங்கும் விடுதியிலோ ஆட்டோக்காரரிடமோ முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

வழியில் கண்ணில் படும் முதல் நீர்நிலையிலேயே வண்டியை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். சாலை கிழக்கும் தென்கிழக்குமாகப் போகிறது, போகும்போது சூரியன் முகத்துக்கு நேரே. எதிர்வெயிலில் எந்த ஆலாவும் கறுப்பு நிழல்தான். நேராக அரிச்சல்முனைக்குப் போய், அங்கிருந்து மேற்கு நோக்கித் திரும்பி வந்தபடி பாருங்கள். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், அலகின் நிறம், காலின் நிறம் எல்லாம் தெளிவாகத் தெரியும். இன்னொரு லாபம், அரிச்சல்முனையில் சுற்றுலாக் கூட்டம் சேருவதற்குள் அங்கே உங்கள் வேலை முடிந்துவிடும்.

முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் ஓடும் வேன்தான். அந்தத் தாரின்மேல் விடியற்காலையில் உப்புக்கொத்தியும் வானம்பாடியும் உட்கார்ந்திருக்கும். இருட்டில் வேகமாக ஓட்ட வேண்டாம். வண்டியைத் தாரை விட்டு மணலில் இறக்கவும் வேண்டாம்: ஒன்று, சக்கரம் புதையும், இரண்டு, ஓரத்து மணலில்தான் முட்டை இருக்கும்.

அரிச்சல்முனை: ஆலாக்களைப் பிரித்தறிவது

சாலை முடியும் வட்டத்தைச் சுற்றிய தடுப்புச் சுவர் அருகே நின்றாலே போதும், கீழே இறங்க வேண்டியதில்லை. எதிரே மணல் நாக்கு நீண்டு, அதற்கப்பால் ராமர் பாலம் எனப்படும் சேதுவின் மணல் தீடைகள் (சின்னத் தீவுத் திட்டுகள்) தொடங்குகின்றன. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகத்தை வைத்து ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எழும்பும்போதும் காற்றை எதிர்த்தே எழும்பும். இது தெரிந்தால் படம் எடுப்பவருக்கு எங்கே நிற்பது என்று சொல்லவேண்டியதில்லை.

முதலில் அளவைப் பாருங்கள். கூட்டத்தில் பெரியதாக, மஞ்சள் அலகோடு, பின்னந்தலையில் சிலிர்த்த கறுப்பு முடியோடு நிற்பது பெரிய கொண்டை ஆலா. அலகு சற்றே பச்சை கலந்த மஞ்சள். கறுப்புத் தொப்பிக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும். அதைவிடச் சிறியதாக, அலகு நல்ல ஆரஞ்சாக இருந்தால் சின்னக் கொண்டை ஆலா. எல்லாவற்றையும்விடப் பெருத்து, கேரட் கிழங்குபோலத் தடித்த சிவப்பு அலகோடு ஒன்று நின்றால் அது காஸ்பியன் ஆலா. அலகு தடித்துக் கறுப்பாக இருந்தால் பருத்த அலகு ஆலா.

அப்புறம் குட்டி ஆலாக்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். சின்ன ஆலாவும் சாண்டர்ஸ் ஆலாவும் ஒன்றுக்கொன்று அச்சு அசல். இரண்டுக்கும் மஞ்சள் அலகு, நுனியில் கறுப்பு, நெற்றியில் வெள்ளை. சின்ன ஆலாவுக்கு நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டி ஒரு சிறு புருவமாக நீளும். சாண்டர்ஸுக்குக் கண்ணோடு சதுரமாக நின்றுவிடும். சின்ன ஆலாவின் கால் ஆரஞ்சு மஞ்சள், சாண்டர்ஸின் கால் மங்கலான பழுப்பு. பறக்கும்போது சாண்டர்ஸின் இறக்கை நுனியில் கறுப்புப் பட்டை அகலமாக, அழுத்தமாகத் தெரியும். இந்த மூன்று அடையாளங்களில் குறைந்தது இரண்டையாவது தெளிவாகப் பார்க்காமல் பெயர் எழுதாதீர்கள். இரண்டில் ஒன்று என்று பதிவு செய்ய இ-பேர்ட்டிலேயே வசதி இருக்கிறது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. குளிர்கால இறகில் இரண்டையும் பிரிப்பது இன்னும் கடினம். கோடையில் வந்ததற்கு இதுவே ஒரு பலன்.

மே மாதக் காலையில் சின்ன ஆலாக்களின் பெண் கேட்கும் படலத்தைப் பார்க்கலாம். ஆண் ஒரு விரல் நீள மீனை அலகில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு பறக்கும், விழுங்காது. கீச்சிட்டபடி வட்டமடித்து, மணலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் இறங்கும். கழுத்தை நீட்டித் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். பெண் பிடித்திருந்தால் மீனை வாங்கும், இல்லாவிட்டால் திரும்பிக்கொள்ளும். சில நேரம் மீனை மட்டும் வாங்கிக்கொண்டு பறந்துவிடும். ஒரு ஆலா மீனோடு விழுங்காமல் சுற்றுகிறது என்றால் பக்கத்திலேயே இணையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். அந்தத் திசையில் நடக்கக்கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை கிடையாது.

ஜூனில் வருகிறவர்கள் கரையை விட்டுவிட்டுக் கடலை ஸ்கோப்பில் துழாவ வேண்டும். ஆழ்கடல் ஆலாக்களுக்கு நல்ல தமிழ்ப் பெயர் இன்னும் புழக்கத்தில் இல்லை. பிரைடில்ட் ஆலா, சூட்டி ஆலா, பிரவுன் நாடி என்றே பறவையாளர்கள் சொல்கிறார்கள். முதுகு சாம்பல் கலந்த பழுப்பாக, வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டி நீண்டால் பிரைடில்ட். முதுகு கரிக் கறுப்பாக, வெள்ளை கண்ணோடு நின்றால் சூட்டி. உடல் முழுக்கக் காப்பிக் கொட்டை நிறமாக, உச்சந்தலை மட்டும் வெளுத்திருந்தால் நாடி. இவை சேதுவின் தீடைகளை நாடி வருபவை. இலங்கை தன் பக்கத்துத் தீடைகளை 2015-ல் தேசியப் பூங்காவாக அறிவித்ததற்கு ஆலாக்கள் அங்கே கூட்டமாகக் கூடு கட்டுவதும் ஒரு காரணம்.

நாமும் ஒரு படகு பிடித்துத் தீடைக்கே போய்ப் பார்க்கலாமே என்று ஆசை வரும். போகாதீர்கள். அது 1974-ல் எல்லைக்கோடு போட்ட கடல். கடற்படையும் கடலோரக் காவல்படையும் சுற்றிக்கொண்டே இருக்கும், மாட்டினால் உங்களைவிடக் கூட்டிப்போன மீனவருக்குத்தான் கஷ்டம். அதைவிடப் பெரிய காரணம், நூற்றுக்கணக்கான முட்டைகள் திறந்த மணலில் கிடக்கும் இடத்தில் மனிதர் இறங்கினால் தாய்ப் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிவிடும், வெயில் முட்டைகளை வேகவைத்துவிடும். முனையில் குளிக்கவும் இறங்காதீர்கள். இரண்டு கடலின் இழுப்பும் சேரும் இடம் அது.

திரும்பும் வழி: மணலில் ஓடும் அனுமன் உப்புக்கொத்தி

ஏழு மணிக்கு மேல் முனையில் இருந்து மெதுவாகத் திரும்புங்கள். இந்தச் சில கிலோமீட்டர்தான் நாளின் சாரம்.

சாலையின் இரு பக்கமும் அடம்பன் கொடி படர்ந்த மணல். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. வண்டியை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே உட்காருங்கள். மணல் நிறத்தில் ஏதோ ஒன்று சரசரவென்று ஓடி, சட்டென்று நிற்கும். மறுபடி ஓடும், நிற்கும். முதுகு மணல் நிறம், வயிறு தூய வெள்ளை, கழுத்தின் இரு பக்கமும் முன்னால் ஒட்டாத கறுப்புப் பட்டை. இதுவரை கெண்டிஷ் உப்புக்கொத்தி என்று எழுதிவந்த பறவை இது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்பவை தனி இனம் என்று இலங்கை ஆய்வாளர்கள் முன்னின்று செய்த மரபணு, உடலளவு ஆய்வு 2023-ல் வெளியானது. சேதுவின் இரு கரையிலும் வாழ்வதால் அனுமன் பெயரையே வைத்தார்கள். வடக்கே இருந்து வரும் கெண்டிஷ் குளிர்காலத்தில் இதோடு கலந்து நிற்கும்போது பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு. மே மாதத்தில் அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை. இங்கே கூடு வைத்திருப்பது அனுமன்தான். கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கறுப்புக் கோடு இல்லாமல் வெளுத்திருக்கும், உச்சந்தலையில் செம்பழுப்பு இருக்காது.

பக்கத்திலேயே பட்டாணி உப்புக்கொத்தியும் இருக்கலாம். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் மார்பில் முழுக் கறுப்பு வளையமும் இருந்தால் அது.

கூடு என்று பெரிதாக எதுவும் இருக்காது. காலால் கீறிய ஒரு குழி, ஓரத்தில் சில சிப்பித் துண்டுகள், புள்ளி போட்ட இரண்டு அல்லது மூன்று முட்டைகள். வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ முட்டைமேல் உட்காருவது சூடேற்ற அல்ல, குளிர்விக்க. காலைச் சற்று நீட்டி நின்று நிழல் கொடுக்கும். நிழல் போதாவிட்டால் பக்கத்து நீருக்கு ஓடும், வயிற்று இறகை அழுத்தி நனைக்கும், ஓடிவந்து ஈர வயிற்றை முட்டைகளின்மேல் தேய்த்தாற்போல உட்காரும். நல்ல ஸ்கோப்பில் பார்த்தால் வயிற்று இறகில் இருந்து நீர் சொட்டுவதுகூடத் தெரியும். இருவரும் மாற்றி மாற்றி இதைச் செய்வார்கள். நடுவில் நீங்கள் குறுக்கே நின்றால் இந்த வேலை நின்றுபோகும். அதனால்தான் எட்டு மணிக்குப் பிறகு கூட்டுப் பக்கம் யாரும் நிற்கக்கூடாது என்கிறேன். பத்து மணி வெயிலில் பத்து நிமிடம் திறந்து கிடந்தாலே முட்டைக்கு ஆபத்து.

மணலில் நடக்கும்போது கவனிக்கவேண்டிய அடையாளங்கள் சில:

- ஒரு உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல மணலில் புரண்டு உங்களை அழைத்துப் போகிறதா? அது நடிப்பு. கூடோ குஞ்சோ உங்கள் காலடியில் இருக்கிறது. அதன் பின்னால் போகாமல், வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.
- ஆள்காட்டி தலைக்குமேல் கத்திக்கொண்டே பாய்கிறதா? நீங்கள் அதன் வீட்டுக்குள் இருக்கிறீர்கள்.
- சின்ன ஆலாக்கள் மாறி மாறிக் கீழே பாய்ந்து எச்சமிடுகின்றனவா? மேலே சொன்னதே பதில், சட்டையைத் துவைக்கவும் வேண்டியிருக்கும்.
- காகம் உங்களைத் தொடர்ந்து வருகிறதா? தாய் எழும்பும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியும். காகம் இருக்கும்வரை மணலில் இறங்கவே வேண்டாம்.

உயர் ஓதக் கோட்டுக்கு மேலே, காய்ந்த பாசியும் சிப்பியும் ஒதுங்கிய பட்டைக்கு உட்புறம்தான் பெரும்பாலும் கூடுகள். நடக்கவே வேண்டுமென்றால் நீரோரத்து ஈர மணலில் நடங்கள். குஞ்சைக் கண்டால் கையில் எடுக்காதீர்கள், அநாதையாகத் தெரிந்தாலும் அது அநாதை அல்ல. பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடும் குஞ்சு, ஆபத்து என்றால் மணலோடு மணலாகப் படுத்துவிடும். ட்ரோன் பற்றிப் பேசவே வேண்டாம். எல்லைப் பகுதி என்பதால் அனுமதியும் கிடையாது, ஆலாக்களுக்கு அது வல்லூறு மாதிரி.

வழியில் கரைவலை இழுக்கிறார்கள் என்றால் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். வலை கரையை நெருங்க நெருங்க செம்பருந்துகள் கீழே இறங்கும். வெள்ளையும் கருஞ்சாம்பலுமாக இரு நிறங்களில் வரும் கரைக்கொக்கு, வலைக்கயிற்றின் ஓரமாக நடந்து சிதறும் மீனைக் கொத்தும். இரண்டு நிறமும் ஒரே இனம்தான். சின்னக் கொக்கு என்று எழுதிவிடாமல் அலகின் தடிப்பையும் நிறத்தையும் பாருங்கள். இழுப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். ஆலா எங்கே விழுகிறது என்று பார்த்து மீன் இருக்கும் இடம் கணிப்பவர்கள் அவர்கள். பேச்சுக் கொடுத்தால் பறவை பற்றி நிறையச் சொல்வார்கள்.

பழைய தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், வழியில் வரும். இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்காமல் வர மனம் வராது, பாருங்கள். பறவைக்காக அங்கே அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஒன்பது மணி: கோதண்டராமர் கோயில் நீர்ப்பரப்பு

அந்தப் புயலிலும் தப்பி நின்ற கோயில் இது. பிரதான சாலையில் இருந்து கோயிலுக்குப் பிரியும் பாதையின் இரு பக்கமும் ஆழமில்லாத நீர். காலையில் வெயிலை முதுகில் வைத்து மேற்குப் பக்க நீரைப் பாருங்கள். மாலையில் மறுபடி வந்தால் கிழக்குப் பக்கம்.

குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கும் நீர் இதுதான். தனுஷ்கோடிப் பகுதியில் 524.7 ஹெக்டேரை 2025 ஜூனில் தமிழக அரசு பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. கோடையில் பூநாரைக் கூட்டத்தை எதிர்பார்த்து வராதீர்கள், வடக்கே போகாமல் தங்கிய சில இளம் பறவைகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். இளஞ்சிவப்பு ஏறாமல் அழுக்குச் சாம்பலாக இருக்கும்.

இப்படித் தங்குபவை பூநாரை மட்டுமல்ல. கடற்கரை உள்ளான்கள் பலவற்றில் முதல் வருடக் குஞ்சுகள் வடக்கே திரும்புவதில்லை. இனப்பெருக்க வயது வராததால் அவ்வளவு தூரம் போய் வருவதில் அவற்றுக்குப் பயனில்லை. அதனால் ஜூனிலும் மங்கிய நிறத்தில் கல்திருப்பி உள்ளான், சாம்பல் உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை) என்று ஒன்றிரண்டு நிற்கும். அகாலத்தில் அபூர்வப் பறவை என்று துள்ளாமல் இறகின் தேய்மானத்தைப் பாருங்கள். நுனி கிழிந்து வெளுத்துப்போன இறகு என்றால் தங்கிவிட்ட இளசு.

நண்டுதின்னியை இங்கே தேடுங்கள். கறுப்பு வெள்ளை உடல், நீண்ட சாம்பல் நீலக் கால், ஆலாவைவிடத் தடித்த கறுப்பு அலகு. உலகிலுள்ள உள்ளான் வகைகளில் மணலில் வளை தோண்டி உள்ளே முட்டையிடும் வழக்கம் இதற்குத்தான். முட்டை ஒன்றே ஒன்று, அதுவும் வெள்ளை. கோடையில் இங்கே கண்டால் நல்ல பதிவு.

நெடுங்கால் உள்ளான் நிச்சயம் இருக்கும். சாம்பல்தலை வானம்பாடியைப் பாதையோர வறண்ட தரையில் பாருங்கள்.

பதினொன்று முதல் மூன்றரை வரை

ஊருக்குத் திரும்பிவிடுங்கள். கானல் எழும்பியபின் ஸ்கோப்பில் எதுவும் நடுங்கித்தான் தெரியும், பறவைக்கும் உங்களுக்கும் அது ஓய்வு நேரம். சாப்பிட்டுவிட்டுக் காலைக் குறிப்புகளை எழுதுங்கள்.

மாலை: பாம்பன், குந்துகால், பனங்காடு

மூன்றரைக்கு மேல் தீவின் மேற்கு முனைக்குப் போங்கள். பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். கீழே இறங்கிப் படகுத்துறைப் பக்கம் நின்றால் செம்பருந்தும் கரும்பருந்தும் கண்மட்டத்திலேயே பறக்கும். வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு நடுவில் பிளவு, செம்பருந்துக்கு வட்டம். 1914-ன் பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும் தெரியும். மீன்பிடித் தடைக்காலத்தில் துறை வெறிச்சோடி இருந்தால் அரைமணி நேரத்தில் கிளம்பிவிடலாம்.

அடுத்து குந்துகால். 1897-ல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை, எதிரே குருசடைத் தீவு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று அது. வனத்துறையின் படகுச் சவாரி அன்று உண்டா என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள். காற்று அதிகமென்றால் ஓட்டமாட்டார்கள். படகு இல்லாவிட்டாலும் கரையில் இருந்தே வெண்வயிற்றுக் கடல் கழுகைத் தேடலாம். உயரத்தில் இறக்கைகளை ஆங்கில வி எழுத்துப்போல மேலே தூக்கி வட்டமிடும். வால் குட்டை, ஆப்பு வடிவம். பருந்துகளோடு சேர்ந்து பறந்தால் அளவு வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

வெயில் சாய்ந்ததும் கடலை விட்டுவிட்டுத் தங்கச்சிமடம் பக்கத்துப் பனங்காட்டுக்கும் உடை மரக் காட்டுக்கும் வாருங்கள். குடை விரித்ததுபோல மேலே தட்டையாக நிற்கும் உடை மரங்கள் இந்தக் கரைக்கும் எதிரே மன்னார்க் கரைக்கும் பொதுச் சொத்து. காய்ந்த பனை ஓலைகளின் உட்புறத்தில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு வைக்கும் பனை உழவாரன்கள் மாலையில் மரத்தைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கும். மொட்டைப் பனை நின்றால் அதன் உச்சியைக் கட்டாயம் பாருங்கள், பொந்தில் கிளியோ பனங்காடையோ மைனாவோ இருக்கும். பச்சைப் பஞ்சுருட்டான் கம்பியில், செம்போத்து புதரடியில், கவுதாரியின் குரல் எங்கிருந்தோ. ஆறரைக்கு மேல் வெளிச்சம் மங்கும்வரை இங்கேயே இருக்கலாம். தோப்புகள் தனியார் நிலம், உள்ளே போகுமுன் கேட்டுவிடுங்கள்.

இரவு: பதிவு

இடம் வாரியாகத் தனித்தனிப் பட்டியலாக இ-பேர்ட்டில் ஏற்றுங்கள். தீவு முழுவதையும் ஒரே பட்டியலாக்கினால் அந்தத் தரவால் யாருக்கும் அதிகப் பயனில்லை. பார்த்த எண்ணிக்கையை எழுதுங்கள், எண்ண முடியாத கூட்டத்தைப் பத்துப் பத்தாக மதிப்பிடுங்கள். இனப்பெருக்கக் குறியீடுகளுக்கு அங்கே தனி இடம் இருக்கிறது: மீன் சுமந்த ஆலா, ஒடிந்த இறக்கை நடிப்பு, குஞ்சு எல்லாவற்றையும் அதில் சேருங்கள். கோடையில் இங்கே வந்து பதிவு செய்கிறவர்கள் குறைவு என்பதால் உங்கள் ஒரு வரிக்கும் மதிப்பு உண்டு.

கூடு இருக்கும் இடத்தை மட்டும் துல்லியமாகப் போடாதீர்கள். தனுஷ்கோடி என்ற பொது இடத்தோடு நிறுத்துங்கள். கூட்டின் படத்தைச் சமூக ஊடகத்தில் ஏற்ற நினைத்தால் இடக்குறிப்பை நீக்கிவிட்டு, ஆகஸ்டு கழிந்தபின் ஏற்றுங்கள். நாய்களோ வண்டிகளோ கூட்டுப் பகுதியில் புகுந்ததைக் கண்டிருந்தால் மண்டபத்திலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு மறுநாளே தெரியப்படுத்துங்கள். அவர்களுக்கு மட்டும் சரியான இடத்தைச் சொல்லலாம்.